மஞ்சள் இறங்கியது, கிருமி போனதா?

தோட்டத்து லயம் முதல் சென்னை, பிலடெல்பியா ஆய்வகங்கள் வரை: கீழாநெல்லி எழுதிய பரீட்சைகள்

கீழாநெல்லி பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடி. மலாக்காவில் மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில், குருபோங் தாமான் வீடுகளின் கால்வாய் ஓரத்திலும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கிலும், ரோஜா வைத்த பூந்தொட்டியிலும்கூட அது முளைத்துவிடுகிறது. நட்டு வளர்ப்பவர் இல்லை. களையென்று அதைப் பிடுங்கி எறிகிற வீட்டிலும், யாருக்காவது கண் மஞ்சளானால் முதலில் தேடப்படும் செடி அதுதான்.

அதன் காம்பின் இரு பக்கமும் புளிய இலையைப் போலச் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்கு அடியில், நூலில் கோத்ததுபோல், கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் தொங்கும். பார்வைக்கு நெல்லிக்காயின் குட்டி வடிவம். கீழே காய்ப்பதால் கீழ்க்காய் நெல்லி, கீழ்வாய் நெல்லி, கீழாநெல்லி என்று பெயர். மலாய் மொழியில் அதற்கு 'டுக்கோங் ஆனாக்' என்று பெயர். பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது என்று பொருள். தமிழர் காயைக் கண்ட இடத்தில் மலாய்க்காரர் குழந்தையைக் கண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இந்தச் செடியின் பக்குவத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, காலையில் வெறும் வயிற்றில் மோரிலோ பாலிலோ கலக்கிக் குடிப்பது வழக்கம். கூடவே உப்பு, எண்ணெய், மாமிசம் நீக்கிய பத்தியம். சில வாரத்தில் கண் வெளுக்கும், பசி திரும்பும். செடி வேலை செய்துவிட்டது என்பது வீட்டின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்து வருகின்றன. நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் ஒருவரும் அந்தச் சோதனைகளில் பங்கேற்றார். மூலிகை மருந்தைச் சோதிப்பது எப்படி, எங்கே தவறும், எது நிரூபணம் என்பவற்றை அறிய, தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மஞ்சள் ஒரு நோயல்ல

முதல் சிக்கல் 'மஞ்சள் காமாலை' என்ற பெயரிலேயே இருக்கிறது. பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். இந்த வழியில் எங்கே தடை வந்தாலும் பிலிருபின் இரத்தத்தில் தேங்கி, கண்ணிலும் தோலிலும் மஞ்சளாகத் தெரியும். ஆகவே மஞ்சள் என்பது ஓர் அடையாளம். அதன் பின்னால் இருக்கும் காரணங்கள் பல.

ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் மஞ்சள் வரும். அதற்குக் கல்லை எடுக்க வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் கடுமையானால் கண் மஞ்சளாகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங் குழந்தைக்கு வரும் மஞ்சள் மூளையையே பாதிக்கக்கூடியது.

இவற்றுள் முதல் வகைதான் ஊரில் அதிகம் காணப்பட்டது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகிற நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது குணப்படுத்தியதாகவே தோன்றும். இதனால் கீழாநெல்லிக்குப் பலன் இல்லை என்று ஆகிவிடாது. குணமானவர்களை மட்டும் எண்ணிப் பலனை முடிவுசெய்ய முடியாது என்பதே இதன் பொருள். மருந்து எடுத்தவரையும் எடுக்காதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஹெபடைடிஸ் பி வேறு வகை. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் இந்த வைரஸ், பெரியவர்களைத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் அதைத் தாமே வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளிலோ பத்தில் ஒன்பது பேர் ஆயுள் முழுதும் அதைச் சுமக்க நேரிடும். மஞ்சளே தெரியாமல், வலியும் இல்லாமல், பல ஆண்டுகள் கழித்து அது கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். 2022-இல் உலகில் 25.4 கோடிப் பேர் இந்தத் தொற்றோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கீழாநெல்லியின் பெரிய பரீட்சை நடந்தது இந்த வைரஸிடம்தான்.

சென்னையும் பிலடெல்பியாவும்

சென்னையில் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காமாலைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் இரண்டு செடிகளான கரிசலாங்கண்ணியையும் கீழாநெல்லியையும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தோடு சோதனைக்குழாயில் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் தன்மை செடிச்சாற்றில் தென்பட்டது.

அந்தப் புரதத்தை உலகுக்கு முதலில் காட்டியவர் பரூக் பிளம்பர்க். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அவர் கண்ட அந்தப் பொருள் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அழைக்கப்பட்டது. பின்னர் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரியவந்தது. 1976-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பணியாற்றினார். அங்கே பி. எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன் ஆகியோரோடு சேர்ந்து அவரும் கீழாநெல்லியைச் சோதிக்கத் தொடங்கினார்.

1987-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இரண்டு படிகளைக் கொண்டது. முதல் படி சோதனைக்குழாய். செடியை நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுத்தது. இரண்டாம் படி விலங்கு. வட அமெரிக்காவில் வளையில் வாழும் வுட்சக் என்ற பெரிய அணில் இனத்துக்கு, மனித வைரஸின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் தொற்றும். அண்மையில் தொற்றிய நான்கு வுட்சக்குகளுக்குச் சாற்றை வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தியபோது, மூன்றில் 3 முதல் 6 வாரங்களுக்குள் வைரஸின் தடயம் மறைந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் 45 வாரங்களுக்கு மேல் அது திரும்பவில்லை. மருந்து கொடுக்காத விலங்குகளில் தொற்று நீடித்தது.

விலங்குகளின் எண்ணிக்கை சிறியது. மருந்து போன வழி வாயல்ல, ஊசி. ஆனாலும் அடுத்த படிக்கு, மனிதர்களிடம் சோதிப்பதற்கு, இது போதுமான நம்பிக்கையைத் தந்தது.

37 பேரும் 23 பேரும்

அந்தச் சோதனை சென்னையில் நடந்தது. தியாகராஜன், வெங்கடேஸ்வரன், பிளம்பர்க் உள்ளிட்டோர் 1988 அக்டோபரில் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாகச் சுமந்துவந்தவர்களில் ஒரு குழுவுக்கு, உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி 200 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்குக் கிடைத்தது மருந்தில்லாத போலிக் குளிகை.

மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்து இரத்தம் சோதிக்கப்பட்டது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. போலிக் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. சிலரை ஒன்பது மாதம் வரை தொடர்ந்து கவனித்தும் புரதம் திரும்பவில்லை. பக்கவிளைவு ஏதும் பெரிதாக இல்லை.

இந்த எண்கள் ஏன் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தன என்பது, இயல்பான வேகத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் மேலுறைப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். இன்று கையில் இருக்கும் சிறந்த மாத்திரைகளாலும் அதை எளிதில் மறையவைக்க முடிவதில்லை. ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது மறைந்தது என்றால், மருத்துவ வரலாறே மாறியிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் அளவோடுதான் பேசினார்கள். இதை 'முன்னோட்ட ஆய்வு' என்றே அழைத்து, செடியையும் அதன் செயல்பொருள்களையும் மேலும் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

மற்ற நாடுகளின் விடை

ஒரு முடிவு ஓர் ஊரில் கிடைத்தால் அது செய்தி. வேறு கைகள், வேறு ஊர்களில், அதே முறையில் செய்தும் கிடைத்தால்தான் அறிவு. 1990 முதல் அந்த மறுசோதனைகளின் விடைகள் வரத் தொடங்கின.

தாய்லாந்தில் அறிகுறியற்ற தொற்றாளர்களிடம் நடந்த சோதனையில் கீழாநெல்லியால் மேலுறைப் புரதத்தை ஒழிக்க முடியவில்லை. நெதர்லாந்தில் நடந்த சிறு ஆய்விலும் சென்னையில் கண்ட பலன் உறுதிப்படவில்லை. நியூசிலாந்தில் 1994-இல் வெளியான ஆய்வும் தோல்வியையே அறிவித்தது. இந்தியாவிலேயே நடந்த மற்றோர் ஆய்வும் அதே பக்கம் நின்றது.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது சீனாவில் நடந்த ஒப்பீடு. அது 1995-இல் வெளிவந்தது. சென்னையிலிருந்து வந்த இந்தியக் கீழாநெல்லி, சீனாவின் ஹைனான் தீவில் எடுத்த செடி, ஹெனான் மாகாணத்தில் எடுத்த சிவந்த தண்டுள்ள உறவுச்செடி ஆகிய மூன்றும் நாள்பட்ட நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுக்கப்பட்டன. சிவந்த தண்டுச் செடியை எடுத்தவர்களிடம் வைரஸ் சுறுசுறுப்பைக் காட்டும் வேறொரு குறியீடு கூடுதலாக மறைந்தது. ஆனால் மேலுறைப் புரதம் மூன்று குழுவிலும் ஒருவரிடம்கூட மறையவில்லை.

2011-இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டது. 16 ஆய்வுகள், 1,326 பேர். அவற்றுள் போலிக் குளிகையோடு ஒப்பிட்டது ஒன்றே ஒன்று; மற்ற பதினைந்திலும் கீழாநெல்லி இனச் செடிகள் வேறு வைரஸ் மருந்தோடு சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தன. போலிக் குளிகையைவிட இச்செடிகள் மேலானவை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பது அதன் முடிவு.

விடை ஏன் மாறியது?

ஒரு செடி ஒரு நகரில் வெற்றி பெற்று, பல நாடுகளில் தோற்றால், அதற்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம்.

முதலாவது, செடியின் அடையாளம். இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்ற ஒரே பெயரில் பல செடிகளை அடக்கிவந்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1950-களில் இந்தக் கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் அந்தப் பெயரில் வழங்கியவை அமாரஸ், ஃப்ரடெர்னஸ், டெபிலிஸ் என்று வேறுவேறு இனங்கள். 1987-இல் 'நிரூரி' என்று எழுதியவர்கள் 1988-இல் 'அமாரஸ்' என்று எழுதியதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பெயர்க் குழப்பம்தான். ஆகவே மூலிகைச் சோதனையின் முதல் வேலை, செடியின் ஒரு மாதிரியை உலர்த்தி ஒட்டி, பதிவு எண் போட்டு, தாவரக்காப்பகத்தில் சேர்ப்பது. பிறகு யார் கேட்டாலும் 'நாங்கள் சோதித்தது இதைத்தான்' என்று காட்ட முடியும்.

இரண்டாவது, செடிக்குள் இருக்கும் சரக்கின் அளவு. மண், மழை, பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கு ஏற்ப அது மாறும். ஒரே எடையுள்ள இரண்டு குளிகைகளில் ஒரே அளவு மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நோயாளிகள். அண்மையில் தொற்றியவர் வைரஸைத் தாமே வெல்லக்கூடியவர். பிறவியிலேயே தொற்றியவருக்கு அது அரிது. முதல் வகையினர் ஒரு குழுவில் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், உடல் செய்த வேலைக்குச் செடி பெயர் வாங்கிவிடும்.

நான்காவது, எண்ணிக்கை. 37, 23 போன்ற சிறு குழுக்களில் தற்செயல் பெரிதாகத் தெரியும். சென்னை ஆய்வில் மருந்துக் குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் சம அளவில் இல்லாததும் முடிவை நிதானமாக வாசிக்கச் சொல்லும் ஒரு காரணம்.

எந்தப் பொருள், எந்த வேலை?

செடி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் வேதிப்பொருள்கள் பல. அவற்றைப் பிரிக்க ஆய்வகம் கரைப்பான்களை நாடுகிறது. நீரில் கரைவது ஒன்று, ஆல்கஹாலில் கரைவது ஒன்று. கிடைத்த சாற்றை மேலும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, வேலை செய்யும் பகுதியை மட்டும் மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே சேர்மத்தை அடைவார்கள்.

கீழாநெல்லியில் இப்படிப் புகழ்பெற்றவை ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு. லிக்னான் வகையைச் சேர்ந்த இவை நீரில் அவ்வளவாகக் கரையாதவை. 1985-இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து, எலியின் கல்லீரல் உயிரணுக்களில் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுகளைச் செலுத்திப் பார்த்தார்கள். இந்த இரண்டு சேர்மங்களும் உயிரணுக்களை நச்சிலிருந்து காத்தன. இன்று விற்பனையாகும் கீழாநெல்லிச் சாற்றின் தரத்தை அளக்கவும் இவற்றையே அடையாளப் பொருளாகக் கொள்வது வழக்கம்.

மற்றொரு கூட்டம் டானின்கள்: ஜெரானியின், கோரிலாஜின் போன்றவை. துவர்ப்புச் சுவையுள்ள இவை நீரில் கரையும். டானின்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். தோலைப் பதப்படுத்துவதும் இந்தக் குணத்தால்தான். சோதனைக்குழாயில் நொதி என்பதும் புரதமே. ஆகவே நீர்ச்சாறு ஒரு நொதியை முடக்கினால், வைரஸைக் குறிபார்த்து அடித்ததா, அல்லது எதிரே வந்த புரதத்தை ஒட்டிப் பிடித்ததா என்று பிரித்தறிய வேண்டும். வாய்வழி போகும் டானின் குடலிலேயே பெருமளவு மாறிவிடும். கல்லீரலை அதே வடிவில் சென்றடையும் என்று எண்ண இடமில்லை.

நியூயார்க்கில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இன்னொரு வழியைக் காட்டின. வைரஸ் மரபணு கொண்ட உயிரணுக்களில் கீழாநெல்லிச் சாறு, அந்த மரபணு செயல்படும் வேகத்தையே குறைத்தது. எனவே, உயிரணு மட்டத்தில் செடிக்கு ஏதோ ஒரு வலிமை இருப்பது உண்மை. குடித்த மருந்து போதிய அளவில் கல்லீரலை அடைந்து அதே வேலையைச் செய்கிறதா என்பதுதான் மனிதர்களிடம் நிரூபிக்கப்படாமல் நிற்கிறது.

இந்தக் கடைசிப் படியைத் தாண்டிய செடிகளும் உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பையின் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் நோயாளிகளின் எண்ணிக்கையோடு காட்டினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. சீனாவின் து யூயூ 1970-களில் மாச்சிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினை எடுத்து, 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அவை இரண்டிலும் சேர்மம் தனியே கைக்கு வந்தது, அளவு நிர்ணயிக்கப்பட்டது, எந்த நாட்டில் சோதித்தாலும் விடை ஒன்றாக இருந்தது.

மலேசியாவில் நிலை

2010-இல் மலேசிய அரசு அறிவித்த பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் மூலிகைக்கும் இடம் இருந்தது. முதற்கட்டமாக ஐந்து செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன: தொங்காட் அலி, காச்சிப் பாத்திமா, மிசாய் கூச்சிங், ஹெம்பெடு பூமி, டுக்கோங் ஆனாக். இவற்றுள் மிசாய் கூச்சிங் தமிழில் பூனைமீசை. ஹெம்பெடு பூமி நிலவேம்பு. டுக்கோங் ஆனாக் கீழாநெல்லி. தரப்படுத்திய சாறு, விலங்குச் சோதனை, மனிதர்களிடம் மருத்துவச் சோதனை என்ற ஏணியில் இவற்றை ஏற்றுவதே திட்டத்தின் நோக்கம்.

கடையில் விற்கும் கீழாநெல்லிக் குளிகை தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகியிருக்க வேண்டும். 'MAL' என்ற மலேசியப் பதிவெண்ணின் இறுதியில் 'T' என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. அத்தகைய மருந்தில் ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் வரம்பைத் தாண்டாமலும், கிருமிகள் பெருகாமலும், கலப்படம் இல்லாமலும் இருக்கிறதா என்று பார்க்கப்படும். நோயைக் குணப்படுத்தும் என்று மருத்துவச் சோதனையால் நிரூபிக்கப்பட்டதற்கான சான்றிதழாக அந்த எண்ணைக் கொள்ளக் கூடாது. 2016-இல் நிறைவேறிய பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் வைத்தியம் செய்பவர்களின் பதிவை ஒழுங்குபடுத்துகிறது. பாரம்பரிய இந்திய மருத்துவமும் அதில் அடங்கும்.

வீட்டு வைத்தியமும் கிளினிக்கும்

கீழாநெல்லி எடுப்பவர் அறிய வேண்டியவை சில. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இந்தச் செடியின் சாறு தடுப்பது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. நொதி தடைபட்டால் கூடவே எடுக்கும் ஆங்கில மருந்து உடலில் கூடுதலாகத் தேங்கலாம். ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் செடியையும் சொல்லிவிட வேண்டும். பச்சிளங் குழந்தையின் மஞ்சளுக்கு இதைக் கொடுக்கலாகாது. காய்ச்சலோடு மஞ்சள், வயிற்றின் வலப்புறம் கடும் வலி, வெளிறிய மலம், மனக்குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மஞ்சள் இறங்கிய பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. எந்த வைரஸ் என்று அறிய ஓர் இரத்தச் சோதனை. ஹெபடைடிஸ் பி என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று. புரதம் அப்போதும் இருந்தால் தொற்று நாள்பட்டது என்று பொருள். அதற்கு என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸை முற்றிலும் துடைத்தெடுக்காவிட்டாலும், அதை அடக்கிவைத்துக் கல்லீரலைக் காக்கின்றன.

தொற்றாமலே காப்பது தடுப்பூசி. பிளம்பர்க் கண்ட அதே மேலுறைப் புரதத்திலிருந்துதான் அது உருவானது; 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அது போடப்படுகிறது. அந்த ஆண்டுக்கு முன் பிறந்தவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் அந்த ஊசி கிடைத்திருக்காது. வீட்டில் யாருக்கேனும் இந்தத் தொற்று உண்டென்றால், 1989-க்கு முன் பிறந்த மற்றவர்கள் ஒருமுறை இரத்தம் சோதித்து, தொற்று இல்லையெனில் இப்போதும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.